முதலாளி கழற்றிய லைஃப் ஜாக்கெட்

விடிவதற்கு முன்னால் என் கைப்பேசி அடித்தால் யாரோ இறந்துவிட்டார்கள் என்று பொருள். கிள்ளான் வட்டாரத்தில் கூடாரமும் நாற்காலியும் வாடகைக்கு விடுகிறவன் நான். கல்யாணத்துக்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள். சாவுக்குத்தான் அந்த நேரத்தில் கூப்பிடுவார்கள். அன்றைக்குக் கூப்பிட்டவர் ஒரு சீனர். சின்னக் கூடாரம் ஒன்று, நாற்காலி நாலு வேண்டும் என்றார். நாலே நாற்காலி போட்டு என்ன சாவு நடத்தப் போகிறார்கள், உற்றார் உறவினர் இல்லாத குடும்பம் போலிருக்கிறது என்று எனக்கு மனசு கலங்கிவிட்டது. தெரிந்த மலாயிலும் தெரியாத ஆங்கிலத்திலும் ஆறுதல் சொன்னேன். அந்தப் பக்கம் அவர் சிரிக்கிறார். "நோ, நோ, அங்கிள். நோபடி டை. கோ தாசிக் லா. சிட் டவுன், லுக் வாட்டர்." தாசிக் என்றால் ஏரி. ஏரிக்கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பதற்கு நாற்காலி கேட்டிருக்கிறார் மனிதர்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என் திகைப்பு புரியும். திருமயம் பக்கத்தில் எங்கள் ஊர்க் கண்மாய்க்கு யாரும் வேடிக்கை பார்க்கப் போனதில்லை. மடை திறக்கப் போவார்கள், மாடு குளிப்பாட்டப் போவார்கள், துணி துவைக்கப் போவார்கள், தண்ணீர் வற்றிய பிறகு மீன் பிடிக்க ஊரே இறங்கும். வெறுங்கையோடு ஒருவன் கரையில் உட்கார்ந்திருந்தால், வீட்டில் என்ன சண்டை என்று கேட்பார்கள். இங்கே ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் காரின் தலையில் படகைக் கட்டிக்கொண்டு உலு லங்காட், செமினி, கோலகுபு பாரு என்று மலையடிவாரத்து அணைகளைப் பார்த்துக் கிளம்பிவிடுகிறார்கள். போய் உட்கார்ந்திருந்துவிட்டு வருகிறார்கள். மலாய்க்காரர்கள் இதற்கு மாக்கான் அங்கின் என்பார்கள், காற்றைச் சாப்பிடுவது. நாம் காற்று வாங்கத்தான் போவோம். இவர்கள் வாங்குவதோடு நிற்காமல் சாப்பிட்டும் விடுகிறார்கள் என்று என் ஆட்களிடம் சொல்லிச் சிரித்தேன். ஆனால் அந்தச் சீனர் திருப்பிக் கொடுத்த நாற்காலிகளின் காலில் ஒட்டியிருந்த செம்மண்ணைக் கழுவும்போது, நாமும் ஒருநாள் போனால் என்ன என்று தோன்றியது. எனக்கு எதுவும் தோன்றிவிட்டால் அதை முடித்துவிட்டுத்தான் மறுவேலை. அப்படித்தான் நான் ஆளானேன்.

ஆளான கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், சொல்லாமல் எனக்கு இருக்கவும் முடியாது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்கட்டில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே படுத்து, தட்டுக் கழுவி, பிறகு ஒரு பந்தல்காரரிடம் குழி தோண்டி, கம்பு நட்டு வேலை கற்றேன். இன்றைக்குப் பண்டமாரானில் எனக்குச் சொந்தக் கிடங்கு இருக்கிறது, மூன்று லோரி ஓடுகிறது. கேரி தீவுத் தோட்டத்தில் பிறந்த பெண்ணைக் கட்டி, இங்கேயே நிரந்தரமாகத் தங்குவதற்கான சிவப்பு அடையாள அட்டையும் வாங்கி, இரண்டு பிள்ளைகளைப் பட்டதாரி ஆக்கிவிட்டேன். கிள்ளானில் என் கூடாரத்துக்குள் நுழையாமல் ஒருவன் மாப்பிள்ளை ஆவது கஷ்டம்; நுழையாமல் இடுகாட்டுக்குப் போவதும் கஷ்டம். கற்றுக்கொடுக்காமல் எனக்கு வந்த வித்தைகள் பல. அதில் நீச்சலும் ஒன்று என்றுதான் எல்லாரிடமும் சொல்லிவந்தேன்.

என்னிடம் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் தமிழ்நாட்டிலிருந்து பெர்மிட்டில் வந்தவர்கள். அவர்களில் மூத்தவன் குமரவேல். முதுகுளத்தூர்ப் பக்கம், நாற்பதைத் தாண்டியவன், ஊரில் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும். என்னிடம் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. நான் நின்றால் அவன் உட்கார மாட்டான். நான் சாப்பிடாமல் அவன் சாப்பிட மாட்டான். பந்தல் போடும் வீட்டு வாசலில் நான் செருப்பைக் கழற்றினால், சிமெண்டு கொதிக்கிற வெயிலிலும் அவன் செருப்பு அடுத்த நொடி என் செருப்புக்குப் பக்கத்தில் கிடக்கும். நான் சொல்லிச் செய்வதில்லை. அவனாகச் செய்வான். மற்ற முதலாளிகளுக்கு ஆட்கள் ஓடிப் போகிறார்கள், என் ஆள் என் நிழலாக நிற்கிறான் என்று எனக்குப் பெருமை. அதையும் நான் சம்பாதித்த சொத்துகளில் ஒன்றாகவே வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாளாகப் பார்த்து எல்லாரையும் லோரியில் ஏற்றினேன். என் மனைவியும் பிரியாணி செய்து எடுத்துக்கொண்டு கூட வந்தாள். நாங்கள் போனது உலு சிலாங்கூர்ப் பக்கத்து அணை ஒன்று. பெயரை எழுத மாட்டேன். அங்கே கயாக் படகு வாடகைக்கு விடுகிற பிள்ளை நல்ல பிள்ளை, நான் செய்ததற்கு அவன் பிழைப்பில் மண் விழக் கூடாது. மலைகளுக்கு நடுவே பச்சைத் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கரையோரத்தில் தண்ணீருக்குள்ளேயே செத்துப்போன மரங்கள் வெள்ளையாக நின்றன. எல்லாரும் கையகல நாற்காலியோடு வந்திருக்க, நாங்கள் சிவப்பு ஜாலர் வைத்த கல்யாணக் கூடாரத்தையே நட்டுவிட்டோம். தொழில்காரன் பின்னே எப்படிச் செய்வான்? பக்கத்தில் பாய் விரித்திருந்த ஒரு மலாய்க் குடும்பத்துப் பெரியவர் மரியாதையாக எழுந்து வந்து, "கெண்டூரி கே, பாக்சிக்?" என்று கேட்டார். விருந்தா என்று கேட்கிறார். இல்லை, காற்றுச் சாப்பிட வந்தோம் என்றேன். அவர் கூடாரத்தைப் பார்த்தார், பிரியாணி அண்டாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டில் பழத்தோடு வந்து, மணமக்களுக்கு என்று வைத்துவிட்டுப் போனார்.

"மொதலாளி, மொய் வந்துருச்சு. பொண்ணு மாப்ள யாருன்னு சீக்கிரம் முடிவு பண்ணுங்க" என்றான் காதர். காதர் என் லோரி ஓட்டுகிறவன், நாகூர்க்காரன், வாய்க்குப் பூட்டு கிடையாது.

சாப்பிட்டு முடித்ததும் கயாக்கில் ஏறினோம். இரண்டு பேர் உட்காரும் படகில் நான் பின்னால், குமரவேல் முன்னால். வாடகைக்கு விடுகிற பிள்ளை எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டி, வாரை இழுத்து இழுத்துப் பார்த்துத்தான் அனுப்பினான். எனக்கு அது பிடிக்கவில்லை. கிணற்று மேட்டிலிருந்து தலைகீழாகக் குதித்தவனுக்குச் சட்டை மாட்டிவிடுகிறானே என்று இருந்தது. ஒரு திருப்பத்தைத் தாண்டி, கரை கண்ணுக்கு மறைந்ததும் வாரை அவிழ்த்தேன்.

"என்ன மொதலாளி, கழட்டுறீக?"

"இதெல்லாம் பயந்தாங்கொள்ளிகளுக்குடா குமாரு. எருமைக்கு ஸ்வெட்டர் போட்ட மாதிரி இருக்கு. நான் தண்ணிக்குள்ளயே பொறந்தவன்."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே தன் வாரையும் அவிழ்த்து, ஜாக்கெட்டை மடித்து, என் ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். வாசலில் செருப்பை வைப்பது போலத்தான் வைத்தான். எனக்குள் ஒரு இனிப்பு இறங்கியது. அந்த இனிப்பை நான் மறைக்கப் போவதில்லை. உனக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பத்து வருடமாக அவன் எத்தனை தட்டுச் சோறு சாப்பிடுவான் என்று தெரியும், எந்தத் தோளில் கம்பு சுமப்பான் என்று தெரியும், இது தெரியாது. முதுகுளத்தூர்ப் பக்கத்தில் அவன் சின்ன வயதில் கண்மாய்கள் நிறைந்ததை விடக் காய்ந்து கிடந்ததுதான் அதிகம் என்பதைப் பிறகுதான் யோசித்தேன்.

காதர் வேறொரு படகில் கைப்பேசியோடு எதிரே வந்தான். போட்டோ எடுடா என்று சொல்லி, துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் படகில் எழுந்து நின்றேன்.

படகு கவிழ்ந்தது. நான் முங்கி எழுந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன். தண்ணீர் சுகமாக இருந்தது. குமரவேலும் எங்கோ முங்கி விளையாடுகிறான் என்றே நினைத்தேன். அப்புறம் பார்த்தால் ஆரஞ்சு நிறத்தில் இரண்டு ஜாக்கெட்டுகள், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஆளில்லாமல் மிதந்து போகின்றன. சத்தமே இல்லை. மூழ்குகிறவன் கத்துவான் என்று யார் சொன்னார்களோ, அவர்கள் பார்த்ததில்லை. நான் முங்கினேன். மேலே சூடாக இருந்த தண்ணீர் ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே பனிக்கட்டி போல இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. கையில் மரக்கிளைதான் தட்டுப்பட்டது. மூச்சு முட்டி மேலே வந்து படகைப் பிடித்தேன். காதரின் படகு துடுப்பு பிடிபடாமல் நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி முங்க நெஞ்சு இடம் கொடுக்கவில்லை. எழுபதை நெருங்குகிற நெஞ்சு என்பதைத் தண்ணீர்தான் எனக்கு ஞாபகப்படுத்தியது. நான் கவிழ்ந்த படகுக்கு இந்தப் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன். அவன் அந்தப் பக்கம் இருந்தான்.

செத்த மரங்களுக்கு நடுவே தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு மலாய்க்காரர் தன் மோட்டார் படகில் பாய்ந்து வந்தார். என்னை விட நாலைந்து வயது சின்னவர் இருப்பார். குமரவேலின் கை ஒருமுறை மேலே வந்து மறைந்ததை அவர்தான் பார்த்திருக்கிறார். மீன் அள்ளுகிற வலைக்கம்பைத் தண்ணீருக்குள் விட்டு, அவன் சட்டையைச் சுருட்டிப் பிடித்து இழுத்துப் படகில் போட்டார். கவிழ்த்துப் போட்டு முதுகில் அடித்தார். குமரவேல் தண்ணீரைக் கக்கினான், இருமினான், மூச்சு விட்டான்.

அவர் என்னையும் தன் படகின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கோபமாக ஒரு கேள்வி கேட்டார். "ஜாக்கெட் மானா?" ஜாக்கெட் எங்கே என்று. நான் தண்ணீரில் தொங்கிக்கொண்டே பதில் சொன்னேன். "டியா பூக்கா." அவன் கழற்றிவிட்டான்.

அது பொய் இல்லை. அவன்தான் கழற்றினான். அந்த இரண்டு சொல்லுக்கு எனக்கு யோசிக்கவே நேரம் எடுக்கவில்லை, அதுதான் என்னைத் தின்கிறது. படகின் தரையில் கவிழ்ந்து கிடந்தவனுக்குக் கேட்காது என்று நினைத்தேனோ என்னவோ. குமரவேலுக்கு என்னை விட நன்றாக மலாய் வரும். தலையைத் தூக்காமல், இருமலுக்கு நடுவே, "சாயா சாலா, பாக்" என்றான். என் தப்பு, ஐயா. அந்த மனிதர் அவனைப் பார்த்து உச்சுக் கொட்டினார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், இப்படிப்பட்ட ஆட்களை வைத்து எப்படி மேய்க்கிறாய் என்பது போல.

மருத்துவமனையில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது, பல வருடமாக நினைக்காத ஒன்று நினைவுக்கு வந்தது. எனக்கு யாரும் நீச்சல் கற்றுத்தரவில்லை என்று நான் சொல்லிவந்தது தவறு. எங்கள் அப்பா காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டைக் கயிற்றில் கோத்து என் முதுகில் கட்டித்தான் கிணற்றில் இறக்கினார். ஒரு கோடை முழுக்க அந்தக் குடுக்கையோடுதான் மிதந்தேன். அதைக் கட்டிக்கொண்டு குளித்தவன்தான் நான், அதை மறந்துவிட்டு இன்னொருவன் முதுகிலிருந்து அவிழ்க்க வைத்தேன். சுயமாக வளர்ந்தவன் என்று சொல்லிக்கொள்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இந்த மறதி வசதியாக வந்துவிடுகிறது. கட்டிவிட்ட கை ஒன்றும் ஞாபகம் இருக்காது, நீந்தியது மட்டும் இருக்கும்.

குமரவேல் வேலைக்குத் திரும்பிய வாரத்தில் அவன் மனைவி செல்வி எனக்கு வீடியோவில் அழைத்தாள். அழுதுகொண்டே கும்பிட்டாள். "நீங்க மட்டும் குதிக்கலைன்னா என் புள்ளைகளுக்கு அப்பா இல்லைங்கய்யா. இந்த வயசுலயும் யோசிக்காம குதிச்சீகளாம்ல." நான் வாயைத் திறந்தேன். பக்கத்தில் கம்புகளை அடுக்கிக்கொண்டிருந்த குமரவேல் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. நான் வாயை மூடினேன். அவள் தொடர்ந்தாள்: செவ்வாய்க்கிழமை தோறும் அம்மன் கோயிலில் என் பேருக்கு அர்ச்சனை செய்யப் போகிறாளாம், நட்சத்திரம் என்ன என்று கேட்டாள். தெரியாது என்றேன். "பரவால்லைங்கய்யா, பேரச் சொல்லியே பண்ணச் சொல்றேன்" என்றாள்.

அவள் வைத்ததும் கேட்டேன்: "ஏண்டா இப்படிச் சொல்லி வச்சிருக்க?"

"பின்னே என்னத்தச் சொல்றது மொதலாளி? நீங்க எந்திரிச்சு நின்னீக, படகு கவுந்துச்சுன்னா? மறுநாளே கெளம்பி வாங்கம்பா. பெரியவ நர்சிங் ரெண்டாவது வருசம், சின்னவ பத்தாவது. நான் போயி என்ன பண்ண?" கம்பைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு சொன்னான். "நான் நல்ல ஆளுகிட்ட இருக்கேன்னு அவ நெனச்சாத்தான் ராத்திரி தூங்குவா."

ஆக, என் நல்ல பெயர் இப்போது அவள் தூக்கத்துக்கு முட்டு. அதை உருவினால் அவன் பிழைப்பு சாயும். உருவாமல் விட்டால் ஒவ்வொரு செவ்வாயும் கோயில் இலையில் வைத்த குங்குமத்தின் படம் என் கைப்பேசிக்கு வரும். வந்தது. நான் அதைப் பெரிதாக்கிப் பார்ப்பேன், பிறகு கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பேன்.

நான் ஊமையாகவாவது இருந்திருக்கலாம். கதை என் ஆட்களின் வாட்ஸ்அப்பிலிருந்து வெளியே போய், பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாண மண்டபத்தில் என்னைத் தேடி வந்தது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் நாலு பேர் முன்னால் என் கையைப் பிடித்து, "அண்ணே, குதிச்சுக் காப்பாத்துனீங்களாமே! இந்த வயசுல சான்ஸே இல்ல லா" என்றார். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். அப்படிப் பார்க்கப்படுவதற்காகவே நான் கடல் தாண்டி வந்தேனோ என்று சில நேரம் நினைப்பேன். "நம்ம புள்ளையாச்சே, பாத்துக்கிட்டு நிக்க முடியுமா?" என்றேன். சொல்லிவிட்டேன். தண்ணீர் எவ்வளவு குளிராக இருந்தது என்று கூடச் சொன்னேன்.

அந்தக் கல்யாணத்துக்கு என் மனைவியும் வந்திருந்தாள். அவளும் அன்று கரையில் இருந்தவள். திரும்பி வந்து வீட்டு வாசலில் காரை விட்டு இறங்கும்போது சொன்னாள்: "ஊருக்கெல்லாம் நீச்சல் கதை சொல்றீங்க லா. குமாரு இன்னும் குளிக்கறப்போ தலையில தண்ணி ஊத்தப் பயப்படுறானாம், காதர் சொன்னான். அது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. மறுநாள் கிடங்கில் காதரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் லோரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "துண்ட நனைச்சுத்தான் தொடைச்சுக்கிறாரு" என்றான். பிறகு கைப்பேசியை எடுத்து அந்தப் போட்டோவைக் காட்டினான். துடுப்பைத் தூக்கிக்கொண்டு நான் நிற்கிறேன், சாமி ஊர்வலத்தில் வேல் பிடித்தவன் போல. முன்னால் வெறும் சட்டையோடு குமரவேல், படகின் இரண்டு ஓரத்தையும் இறுகப் பிடித்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். வாய்தான் சிரிக்கிறது. "நீங்க குதிச்சதையும் எடுக்கலாம்னுதான் பார்த்தேன் மொதலாளி, கேமராவுல ஏறல" என்றான் காதர். "அந்தம்மா அனுப்புற அர்ச்சனையெல்லாம் பாவம், அட்ரஸ் மாறிப் போய்க்கிட்டு இருக்கு." வேறு நாளாக இருந்தால் அவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குமரவேலை மட்டும் கூட்டிக்கொண்டு அதே அணைக்குப் போனேன். தூண்டில்காரருக்கு நன்றி சொல்லவே இல்லை, அதற்காக என்று அவனிடம் சொன்னேன். அவர் பெயர் பாக் டின். அதே செத்த மரங்களுக்கு அருகில்தான் இருந்தார். பழக்கூடையைக் கொடுத்ததும் எங்களைத் தன் படகில் ஏறச் சொல்லி, ஏறுவதற்கு முன் இரண்டு ஜாக்கெட்டைத் தூக்கிப் போட்டார். குமரவேல் மாட்டாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். நான் மாட்டும் வரை நின்றான். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த வெட்கம் வாழ்க்கையில் அதற்கு முன் வந்ததில்லை. அவசரமாக மாட்டிக்கொண்டேன். அவனும் மாட்டிக்கொண்டான். படகின் ஓரத்தில் வைத்த காலை அவன் இரண்டு முறை திரும்ப எடுத்துவிட்டான். பாக் டின் கை கொடுத்தார். கரையை விட்டுத் தூரம் போகாமல், சிக்னல் கிடைக்கிற இடத்தில் படகை நிறுத்தச் சொன்னேன்.

"குமாரு, செல்விகிட்ட உள்ளதச் சொல்லட்டுமா?"

அவனிடம் நான் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. உத்தரவு போட்டே பழகிய வாய்க்கு அந்தக் கேள்வி கோணலாக வந்தது. அவன் ஜாக்கெட்டின் வாரை இழுத்துப் பார்த்துக்கொண்டான். "அவ கூப்புட்டா நான் போகணும் மொதலாளி" என்றான். தெரியும் என்றேன். அவனே கைப்பேசியை எடுத்து அழைத்து, முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, என்னிடம் நீட்டினான்.

நான் கைப்பேசியைப் பாக் டின் பக்கம் திருப்பி, "இவருதாம்மா உன் வீட்டுக்காரரத் தூக்குனவரு. நான் இல்ல" என்றேன். செல்வி அவரைக் கும்பிட்டாள். அவர் ஒன்றும் புரியாமல், ஏதோ விற்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, தன் வாளியிலிருந்த மீனைத் தூக்கிக் காட்டினார். நான் திருப்பி என் முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு மீதியைச் சொன்னேன். ஜாக்கெட்டை முதலில் கழற்றியது நான். கேலி செய்தது நான். எழுந்து நின்றது நான். அவர் கேட்டபோது, அவன்தான் கழற்றினான் என்று காட்டிக் கொடுத்ததும் நான். சொல்லி முடித்ததும் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. அந்தப் பக்கத்தில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

"அவரு செத்திருந்தா?" என்றாள் செல்வி. அழவில்லை. "செத்திருந்தா எங்களுக்கு என்ன சொல்லியிருப்பீக? அவராத்தான் கழட்டுனாருன்னா?"

"தெரியலம்மா" என்றேன். தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"மாசி சிவராத்திரிக்குக் கொலசாமி கும்புட அவர அனுப்பி வைங்க. திரும்பி வாரதப் பத்தி நானும் அவரும் பேசிக்கிறோம். நீங்க ஒண்ணும் பேச வேணாம்."

அந்தச் செவ்வாயிலிருந்து குங்குமப் படம் வரவில்லை. கல்யாண மண்டபத்தில் என் கையைப் பிடித்தவரைத் தேடிப் போய் அவரிடமும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, அண்ணன் ரொம்பத் தன்னடக்கம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நல்லவனாக இருந்துவிட்டால் அதிலிருந்து வெளியே வருவது இவ்வளவு கஷ்டமா என்று நினைத்துக்கொண்டேன்.

சிவராத்திரிக்கு முந்தைய வாரம் குமரவேலை விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். போகவும் வரவும் டிக்கெட் எடுக்கிறேன் என்றதற்கு, "வர்றது அப்புறம் பாத்துக்கலாம் மொதலாளி" என்றிருந்தான். உள்ளே போகும் வரிசையில் நின்றவன் நான் நிற்பதைப் பார்த்தான். தன் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தான். உட்கார் என்று கையைக் காட்டினேன். உட்காரவில்லை.

அவன் போய் ஆறு வாரம் ஆகிறது. பெர்மிட்டுக்கு இன்னும் காலம் இருக்கிறது, அவன் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பாக் டின்னோடு படகில் போகிறேன். ஜாக்கெட் மாட்டிக்கொண்டுதான். இருவரும் அதிகம் பேசுவதில்லை, என் மலாய் மீன் அளவுக்குத்தான் வரும். இந்த வருடம் மழை பிந்தியதால் தண்ணீர் நன்றாக இறங்கிவிட்டது. போன வாரம் படகு ஒரு மேட்டைத் தாண்டியபோது கரையிலிருந்து ஒரு தார்ரோடு வெளியே வந்து கிடப்பதைப் பார்த்தேன். நடுக்கோடு கூட அழியவில்லை. அணை கட்டுவதற்கு முன்னால் அவருடைய கம்பத்துக்கு, அதாவது கிராமத்துக்கு, போன பாதையாம். இந்த ரோட்டில்தான் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் மிதித்தாராம். வருத்தமாக இருக்கிறதா என்று எனக்குத் தெரிந்த சொற்களில் கேட்டேன். அவர் தூண்டிலைத் தட்டிக்கொண்டே, "ஈக்கான் பாஞ்ஞாக்" என்றார். மீன் நிறைய இருக்கிறது என்று. நான் கேட்டது அவருக்குப் புரியவில்லையா, அவர் சொன்னது எனக்குப் புரியவில்லையா, தெரியவில்லை.

அப்போதுதான் குமரவேல் அழைத்தான். கண்மாய்க்கரையில் நின்றுகொண்டிருந்தான். ஊரில் இந்த மாதத்திலும் தண்ணீர் கிடக்கிறதாம். சின்ன மகள் இடுப்பளவு தண்ணீரில் நின்று, வாங்கப்பா, வாங்கப்பா என்று அவனைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. அவன் கரையை விட்டு இறங்கவில்லை. எப்போது வருகிறாய் என்ற கேள்வி என் தொண்டை வரைக்கும் வந்தது. கேட்கிற இடத்தில் நான் இல்லை. அவனும் அதைத் தொடவில்லை.

"அங்கிட்டு மழையா மொதலாளி?"

"இல்லடா. தண்ணி எறங்கி உள்ள ஒரு ரோடு தெரியுது." கைப்பேசியைத் திருப்பிக் காட்டினேன். கரையிலிருந்து இறங்கி, வெள்ளைக் கோட்டோடு, பச்சைத் தண்ணீருக்குள் நுழைகிற ரோட்டை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அக்கரையில ஏறுதா?"

திரும்பிப் பார்த்தேன். எதிர்க்கரையில் செம்மண்ணுக்கு நடுவே கறுப்பாக ஒரு துண்டு ஏறிப் போய்க் காட்டுக்குள் மறைந்தது.

"ஏறுதுடா" என்றேன். "நடுவுலதான் தெரியல."